ஐந்து நாள் தீவிர டிரைவிங் கோர்ஸ்: பணம் கட்டலாமா?

கேள்வி – 9 செப்டம்பர் 2024

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் இருக்கிறேன், நர்ஸிங் கடைசி ஆண்டு. ஜனவரியில், படிப்பு முடிந்ததும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய சமூக சேவை ஆண்டு தொடங்குகிறது. எந்த ஊர் விழும் என்று தெரியவில்லை, மாகாணத்தின் வடக்கே நியூகாஸில் பக்கம் விழுந்தால் நைட் டியூட்டிக்கு வண்டி இல்லாமல் முடியாது என்கிறார்கள். லேர்னர்ஸ் (பழகுநர் உரிமம்) டிசம்பரோடு காலாவதி. வீட்டில் கார் கிடையாது. ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஐந்து நாள் தொடர்ந்து பழக்கி ஆறாம் நாள் தேர்வுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பாடம் என்று எடுத்தால் செலவு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஆனால் எப்போது முடிப்பது? எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – 10 செப்டம்பர், காலை

தேர்வுத் தேதி கையில் இருக்கிறதா? முதலில் அதைச் சொல், மற்றதெல்லாம் அப்புறம்.

தேதி தருவது தேர்வு மையம். ஸ்கூல்காரர் "ஆறாம் நாள்" என்றால் எந்த ஆறாம் நாள் என்று கேள், பதிவுத் தாளைக் கண்ணால் பார். ஐந்து நாள் உயிரை விட்டுப் பழகிவிட்டு ஒன்றரை மாதம் சும்மா இருந்தால் கால் எல்லாவற்றையும் மறந்துவிடும், மறுபடி பாடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதுதான்.

10 செப்டம்பர், இரவு

காலையில் பஸ்ஸுக்கு நின்றபடி எழுதினேன், அதனால் சுருக்கம். இப்போது என் கதை.

நான் தேவகோட்டைக்காரி, கல்யாணம் ஆகி இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள். ஊரில் ஸ்கூட்டி ஓட்டியிருக்கிறேன், காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததுகூட இல்லை. இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் அந்த ஒரு தலைவலி மட்டும் இல்லை. நாற்பது தாண்டிய பிறகு, பிள்ளையின் ட்யூஷனுக்கும் கடைக்கும் கணவரையே எத்தனை நாள் எதிர்பார்ப்பது என்று தோன்றி, இதே மாதிரி ஒரு வாரக் கோர்ஸில் சேர்ந்தேன். தேர்வில் தேறினேன். உரிமம் வந்தது. அதன் பிறகு பல மாதம் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது, சாவி எனக்கும் ஒன்று இருந்தது, எடுக்கத் தைரியம் வரவில்லை.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். அந்த வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது தேர்வு மைதானத்தை. கம்பங்களுக்கு நடுவில் பின்னால் எடுக்கத் தெரியும், மேட்டில் உருளாமல் கிளப்பத் தெரியும், கண்ணாடியை எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று தெரியும். ஹிக்கின்ஸன் ஹைவேயில் காலை ஏழு மணிக்கு ஒரு மினிபஸ் டாக்ஸி இடப்பக்கமிருந்து மூக்கை நுழைத்தால் என்ன செய்வது என்று தெரியாது. அந்த வாரம் நாங்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஆகவே என் பதில்: தீவிரப் பயிற்சியைக் கடைசியில் வை, தேர்வுக்கு முந்தைய வாரத்தில். கார் ஓட்டவே தெரியாதவள் அதில் போய் ஆரம்பிக்காதே.

11 செப்டம்பர்

"மைதானம், மைதானம் என்கிறீர்களே, அது என்ன?" என்று கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

இங்கே தேர்வு முறைக்குக் கே53 என்று பெயர். முதல் கட்டம், வண்டியைச் சுற்றி நடந்து டயர், விளக்கு, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பது. பிறகு மைதானத்தில் வித்தைகள்: பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்துவது, ஓரமாக இணையாக நிறுத்துவது, மூன்று தடவையில் வண்டியைத் திருப்புவது, நேராகப் பின்னால் போவது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது. கம்பத்தில் இடித்தால் ஃபெயில். மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் ஃபெயில். மைதானத்தில் தேறினால்தான் ரோட்டுக்கு அழைத்துப் போவார்கள், இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்.

ரோட்டில் பெரும்பாலும் பார்ப்பது நீ பார்க்கிறாயா என்பதைத்தான். கண்ணாடி, தோளுக்குப் பின்னால் தெரியாத மூலை, மறுபடி கண்ணாடி. கண்ணை மட்டும் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, தலை திரும்ப வேண்டும். பரதநாட்டியம் படித்த பெண்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு என்று என் நாத்தனார் சொல்வாள்.

11 செப்டம்பர், கொஞ்சம் கழித்து

லேர்னர்ஸ் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இருபத்துநான்கு மாதம் முடிந்தால் முடிந்ததுதான், நீட்டித்துத் தர மாட்டார்கள். விதிகள், சின்னங்கள், வண்டிப் பாகங்கள் மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். அதனால் டிசம்பர் என்பதை நவம்பர் என்றே மனதில் வைத்துக்கொள்.

14 செப்டம்பர்

மாமனாரிடம் இதைச் சொன்னேன். அவர் சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுனுக்குப் பஸ் ஓட்டியவர், இந்தியக் குடும்பங்கள் சொந்தமாகப் பஸ் வைத்து ஓட்டிய காலத்து ஆள். அவர் பழகியது வட கடற்கரையில் ஒரு கரும்புப் பண்ணையின் டிராக்டரில், யாரும் பாடம் நடத்தவில்லை. ஐந்து நாள் கோர்ஸ் என்றதும் சிரித்தார். "ரோடு என்ன ஸ்கூல் டைம்டேபிளா, அஞ்சு நாளிலே எல்லாத்தையும் காட்டறதுக்கு?" என்றார்.

சரியான பேச்சு. ஒரு வாரம் முழுக்க வெயிலாகவே இருந்துவிடலாம், மழையில் ஓட்டாமலே கோர்ஸ் முடிந்துவிடும். ரோபோ (இங்கே சிக்னல் விளக்குக்கு அதுதான் பெயர்) அணைந்து கிடக்கும் சந்தி ஒன்றுகூட வழியில் வராமல் போகலாம். பள்ளிக்கூட விடுமுறை வாரமாக இருந்தால் ரோட்டில் கூட்டமே இருக்காது, நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வோம்.

அவரே கடைசியில் இதையும் சொன்னார்: "ஆனா, கார் இல்லாத பொண்ணு எங்கே போய்ப் பழகும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை, பேசாமல் டீ போடப் போய்விட்டேன்.

15 செப்டம்பர்

அந்தக் கேள்வி நேற்று ராத்திரி முழுக்க உறுத்தியது. வீட்டில் கார் இருக்கிற நான், கார் இல்லாதவளுக்கு "முதலில் சாதாரணமாகப் பழகு, அப்புறம் கோர்ஸ்" என்று சொல்வது சுலபம். வாரம் ஒரு மணி நேரம் மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டால், ஒவ்வொரு வாரமும் முதல் இருபது நிமிடம் போன வாரத்தை நினைவுபடுத்தவே போய்விடும். அது பணம் மிச்சம் பிடிக்கும் வழி கிடையாது. அந்த இடத்தில் தீவிரப் பயிற்சிக்காரர் சொல்வது நியாயம்தான்: தொடர்ந்து ஓட்டினால்தான் கிளட்ச் படியும்.

அதனால் தங்கச்சி, இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பார். அதே ஐந்து நாள் பணம்தான். அக்டோபரில் அடுத்தடுத்து இரண்டு நாள், அது வெறும் ரோடு. மீதி மூன்று நாள் தேர்வுக்கு ஒட்டி, அது மைதானம். நடுவில் உள்ள வாரங்களில் யாராவது உரிமம் உள்ளவர் கூட உட்கார, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் காரைக் கடன் வாங்கு. லேர்னர்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டக் கூடாது, பக்கத்தில் உரிமம் உள்ளவர் இருந்தே ஆக வேண்டும். பீனிக்ஸ் இண்டஸ்ட்ரியல் பார்க் பக்கம் ஞாயிறு மதியம் ஈ காக்காய் இருக்காது. எங்களுக்கு மொபெனி தொழிற்பேட்டை.

18 செப்டம்பர்

புரட்டாசி பிறந்துவிட்டது, வீட்டில் கறி கிடையாது. எனக்குப் பாடம் எடுத்த ஜூலு அண்ணன் ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கி காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார், நான் அந்த வாசனையில் இணையாக நிறுத்திப் பழகினேன். அதுவும் ஒரு புரட்டாசிதான். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

சம்பந்தமான பகுதி: அவர் நல்ல வாத்தியார். பின்னால் எடுக்கும்போது வெளியே இறங்கி நின்று "வோசா, வோசா" (வா, வா) என்று கையை ஆட்டுவார், கத்த மாட்டார். கோர்ஸ் எத்தனை நாள் என்பதைவிட யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பது முக்கியம். ஒரு பாடம் தனியாக எடுத்து ஆளைப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டு. ஐந்து நாள் ஒரு கத்தல்காரரோடு ஒரே காரில் அடைபட்டால் ஸ்டியரிங் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

22 செப்டம்பர்

கோட் 10 எடு என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். கோட் 10 என்பது சிறிய லாரி வகுப்பு, பதினாறு டன் வரைக்கும். அது இருந்தால் காரும் ஓட்டலாம், வேலைக்கு மனுப்போடும்போது மதிப்பு உண்டு என்பதால் இங்கே பையன்கள் நேராக அதற்கே போகிறார்கள். ஆனால் அதற்கு லேர்னர்ஸும் வேறு, கோட் 3. இந்தத் தங்கச்சியிடம் இருப்பது கோட் 2. திரும்ப முதலிலிருந்து எழுத நேரம் இல்லை. டெலிவரி வேலை தேடுகிறவருக்குச் சரியான யோசனை, நர்ஸுக்கு எதற்கு?

இன்னொருவர் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தால் கிளட்ச் தொல்லையே இல்லை என்கிறார். தொல்லை இல்லைதான். ஆனால் உரிமத்தில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று விழும், பிறகு கியர் வண்டி ஓட்ட மறுபடி தேர்வு. முதல் வண்டியாக இவள் வாங்கப்போவது பழைய சின்னக் காராகத்தான் இருக்கும், அது கியர் வண்டியாகத்தான் இருக்கும். இப்போது பட்டுவிடுவது நல்லது.

24 செப்டம்பர்

பாரம்பரிய தினம், விடுமுறை. தெரு முழுக்கப் புகை, எல்லாரும் பிராய் போடுகிறார்கள் (வெளியே தணலில் கறி சுடுவது), நாங்கள் புரட்டாசி என்று சோளத்தைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம். காலையில் ரோடு காலி. நாத்தனார் மகளை மொபெனிக்குக் கூட்டிப் போய் ஓட்டவிட்டேன். ஒரு விஷயம் கவனித்தேன், அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது சோளம் கருகுகிறது.

25 செப்டம்பர்

அந்த விஷயம் இதுதான். டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் பிரேக் இருக்கும், பல கார்களில் கிளட்சும் இருக்கும். தீவிரப் பயிற்சியில் நேரம் ஓடுகிறது என்ற பரபரப்பில் அவர்கள் காலை அதிலேயே வைத்திருப்பார்கள். ரவுண்டபவுட்டுக்கு வருகிறோம், வண்டி அழகாக மெதுவாகிறது, நாம்தான் பிரேக் போட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாத்தனார் மகள் ஸ்கூல் காரில் சில வாரமாக ஓட்டுகிறாள், "எனக்கு பிரேக் எல்லாம் நல்லா வரும் மாமி" என்றாள். என் காரில் முதல் நிறுத்தக் கோட்டில் முழு வண்டியும் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அவளுக்கே ஆச்சரியம். இத்தனை நாள் பாதி பிரேக் அவர் போட்டிருக்கிறார்.

ஆகவே கேட்க வேண்டியது: "இந்தத் திருப்பத்தில் உங்கள் காலைத் தரையில் வையுங்கள், நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்போம்." நல்ல வாத்தியாராக இருந்தால் சிரித்துக்கொண்டே காலை மடக்கிக்கொள்வார்.

26 செப்டம்பர்

இன்னொரு ஸ்கூல் தந்திரம். உன் ஒரு மணி நேரத்தில் முதல் கால் மணி, முந்தைய மாணவரை அவர் வீட்டில் இறக்கிவிடுவது. கடைசிக் கால் மணி, அடுத்தவரை ஏற்றப் போவது. ஓட்டுவது நீதான், ஆனால் அவர்கள் வேலைக்கு. சாதாரணப் பாடத்தில் இது எரிச்சல். தீவிரப் பயிற்சியில் இதே வேலையை நாள் முழுக்கச் செய்வார்கள், நீ பின்னிருக்கையில் உட்கார்ந்து வேறொருவர் ஓட்டுவதைப் பார்த்த நேரத்தையும் பயிற்சி நேரமாகக் கணக்குச் சொல்வார்கள். காரில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி வாங்கு.

அப்புறம், விளக்குக் கம்பத்தில் "நூறு சதவீதம் பாஸ்" என்று ஒட்டியிருக்கிறதே, அந்தப் பக்கமே போகாதே. அந்தக் கட்டணத்துக்குள் யாருக்கோ கூல்டிரிங்க் காசு, அதாவது லஞ்சம், இருக்கிறது. பிடிபட்டால் உரிமம் போய்விடும், நர்ஸ் பதிவுக்கும் அது நல்லதில்லை.

6 அக்டோபர்

தங்கச்சி எழுதியிருக்கிறாள்: ஸ்கூல் இரண்டாகப் பிரித்துத் தர ஒத்துக்கொண்டது, தேர்வு நவம்பர் மூன்றாம் வாரம், பதிவுத் தாளைப் பார்த்துவிட்டாளாம். முதல் இரண்டு நாள் முடிந்தது. ரோடு பரவாயில்லை, மேட்டில் கிளப்புவது மட்டும் வரவே இல்லை, ஒவ்வொரு தடவையும் ஆஃப் ஆகிறது அல்லது உருளுகிறது என்று அழாத குறையாக எழுதியிருக்கிறாள்.

இதற்கு டர்பனைவிட நல்ல ஊர் கிடையாது. எங்கள் தெரு சறுக்குமரம் மாதிரி இருக்கும், குப்பைத் தொட்டியைப் பிடிக்காமல் விட்டால் கீழ்வீட்டுக்குப் போய்விடும். வாத்தியாரின் விளக்கம் எனக்கு அப்போது புரியவில்லை, மாமனார் சொன்னது புரிந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

ரேடியோவை அணை. ஏசியை அணை. ஜன்னலை இறக்கு. ஹேண்ட்பிரேக் மேலே இருக்கட்டும். முதல் கியர். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்து ஒரே சத்தத்தில் பிடி, சத்தம் ஏறி இறங்கக் கூடாது. இப்போது கிளட்சை விடு, விடுகிறாயா என்று உனக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு மெதுவாக. ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் தடித்துத் தாழும், அதே நேரத்தில் பானெட்டின் முன்பக்கம் ஒரு விரல் அளவு எழும்பும். அங்கே இடது காலை அப்படியே நிறுத்து. குதிகால் தரையில் இருந்தால்தான் நிற்கும், அந்தரத்தில் இருந்தால் தொடை நடுங்கும். இப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கு. வண்டி முன்னாலும் போகாது பின்னாலும் போகாது, நிற்கும். அது நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர்.

எல்லாரும் செய்வது என்ன என்றால், பானெட் எழும்புவதற்கு முன்பே கை ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிடும். கைக்கு அவசரம். மாமனார் என் கையில் தட்டி "கை கடைசி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாத்தனார் மகளுக்கும் இப்போது நான் அதையே சொல்கிறேன், அவள் என்னை முறைக்கிறாள்.

செருப்பும் முக்கியம். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று காலுக்குத் தெரியாது. மெல்லிய அடி உள்ளது ஒன்றை வைத்துக்கொண்டு, பயிற்சிக்கும் தேர்வுக்கும் அதையே போடு.

7 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. இதை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பழகாதே. கால் சலித்த பிறகு செய்வதெல்லாம் தப்பாகவே பதியும். பத்து நிமிடம், பிறகு வேறு ஏதாவது, பிறகு பத்து நிமிடம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் மறுநாள் காலை தானாக வரும், எனக்கு அப்படித்தான் வந்தது. தீவிரப் பயிற்சியில் எனக்குள்ள பெரிய குறையே இதுதான்: பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் போதிய ராத்திரிகள் இல்லை. நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் என்றால் மூன்றாவது மணியில் நீ ஓட்டுவதில்லை, சகித்துக்கொள்கிறாய். இரண்டு மணி காலையில், இரண்டு மணி மாலையில் என்று கேட்டு வாங்கு.

20 அக்டோபர்

சென்னையிலிருந்து ஒருவர், "இவ்வளவு கம்பம், தலை திருப்பல் எல்லாம் எதற்கு, நாங்கள் எட்டுப் போட்டு முடித்துவிட்டோம்" என்கிறார். ஐயா, நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஆனால் அவர் கேட்டதில் ஒரு பாயிண்ட் உண்டு. கம்பத்துக்கு நடுவில் நிறுத்துவதை ஸ்கூலில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? பின்கதவுக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கருக்கு நேராகக் கம்பம் வந்ததும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடி. பக்கக் கண்ணாடியில் கோடு தெரிந்ததும் நேராக்கு. முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், தேறவும் தேறினேன். பிறகு சாட்ஸ்வொர்த் சென்டர் கடை வளாகத்தில் எங்கள் காரை நிறுத்தப் போனேன். ஸ்டிக்கரும் இல்லை, கம்பமும் இல்லை, இரண்டு பக்கமும் பெரிய பக்கிகள் (பிக்கப் வண்டிகள்). பின்னால் ஒரு வரிசையே காத்திருந்தது. ஒரு பாதுகாவலர் வந்து கை காட்டி உள்ளே விட்டார், அவருக்கு ஐந்து ரேண்ட் கொடுத்தேன், என்னுடைய உண்மையான பார்க்கிங் வாத்தியார் அவர்தான்.

அதற்காக ஸ்டிக்கரை எடு என்று சொல்ல மாட்டேன். நவம்பரில் தேற வேண்டும், ஸ்டிக்கர் இருக்கட்டும். ஆனால் பழகும் கார்தான் தேர்வுக்கும் வருமா என்று உறுதிப்படுத்து. வேறு கார் வந்தால் ஸ்டிக்கர் கணக்கு எல்லாம் தப்பிவிடும். கடைசி நிமிடத்தில் "அந்தக் கார் சர்வீஸில் இருக்கிறது" என்று வேறொன்றைக் கொண்டுவரும் ஸ்கூல்கள் உண்டு, அதனால் ஒரு தடவையாவது ஸ்டிக்கரைப் பார்க்காமல் கண்ணாடி இரண்டையும் மட்டும் பார்த்து நிறுத்திப் பார்.

3 நவம்பர்

தீபாவளிப் பலகாரம் இன்னும் டப்பாவில் இருக்கிறது, மழை விடவில்லை. நல்லதுதான். தங்கச்சி, மழையில் ஒரு தடவை ஓட்டிவிடு, இரவில் ஒரு தடவை ஓட்டிவிடு. தேர்வில் கேட்க மாட்டார்கள், நைட் டியூட்டிக்குப் போகும்போது தேவைப்படும்.

அணைந்த ரோபோ பற்றி மேலே போகிற போக்கில் சொன்னேன். மின்வெட்டு இப்போது கொஞ்ச மாதமாக இல்லை, ஆனாலும் கேபிள் திருட்டிலும் மழையிலும் ரோபோ அணைந்துகொண்டுதான் இருக்கிறது. அணைந்து கிடந்தால் அது நாலு பக்க நிறுத்தம்: எல்லாரும் நிற்க வேண்டும், முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். சட்டம் அவ்வளவுதான். நடைமுறையில் டாக்ஸிக்காரர் எப்போது வந்தாலும் முதலில் வந்தவர். கையைக் காட்டி அவரை அனுப்பிவிடு, அவர் போன பின் வருகிறவர்கள் பெரும்பாலும் முறையாகப் போவார்கள். இரண்டு வழித்தடம் உள்ள சந்தியில் பக்கத்து வண்டியோடு சேர்ந்து நகர்ந்துவிடு, அது ஒரு கவசம்.

டாக்ஸிக்காரர்களைத் திட்டுகிறோம், ஆனால் இங்கே பாதி ஊர் வேலைக்குப் போவது அவர்களால்தான். நானும் இத்தனை வருடம் அதில்தான் போனேன். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அவர் வேகம் நமக்குப் பிடிக்கும், வெளியே இருந்தால் பிடிக்காது.

21 நவம்பர்

தேர்வு நடக்கவில்லை! கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். காலை ஆறு மணியிலிருந்து வரிசையில் நின்று, மதியம் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைத்தான் முதலிலேயே சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்: தேர்வு தள்ளிப்போனால் காருக்கு மறுபடி வாடகையா? அந்த ஸ்கூல் நல்லபடி நடந்துகொண்டது, காருக்குக் கேட்கவில்லை, ஒரு பாடத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டது. எல்லாரும் அப்படி இல்லை. சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

28 நவம்பர்

தேறிவிட்டாள். மேட்டில் உருளவில்லை. ரோட்டில் சில புள்ளி போனது, நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட மறந்திருக்கிறாள், ஆனால் வரம்புக்குள். தற்காலிக உரிமம் வாங்கிவிட்டாள்.

இப்போது ஐந்து நாள் கோர்ஸ் நல்லதா என்று கேட்டால் என்ன சொல்வது? இவள் எடுத்தது ஐந்து நாள்தான், ஆனால் அது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைக்கும் நீண்டது, நடுவில் சித்தப்பாவின் காரில் ஞாயிற்றுக்கிழமைகள். ஒரே மூச்சில் எடுத்திருந்தாலும் தேறியிருப்பாள் என்றே நினைக்கிறேன், நானே தேறினேனே. தேறிய மறுநாள் சாவியை எடுத்திருப்பாளா என்பதுதான் சந்தேகம். சித்தப்பா இல்லாதவர்கள் என்ன செய்வது என்று மாமனார் திரும்பவும் கேட்கிறார். அப்படிப்பட்டவர்கள் ஒரே வாரக் கோர்ஸை எடுத்துத் தேறிவிட்டு, தேறிய பிறகு ரோட்டுக்கென்று இரண்டு மூன்று பாடம் தனியாக எடுக்க வேண்டும். அதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை, அட்டை வந்ததும் ஸ்கூலை மறந்துவிடுகிறோம். நான் அப்படி எடுத்திருந்தால் வாசலில் கார் அத்தனை மாதம் நின்றிருக்காது.

17 டிசம்பர்

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து விடுமுறைக் கூட்டத்தின் ஜிபி எண் பலகைக் கார்கள் வந்து இறங்கிவிட்டன, கடற்கரைப் பக்கம் போகாதீர்கள். புதிதாக உரிமம் வாங்கியவர்கள் ஜனவரி முதல் வாரம் வரை மளிகைக் கடை வரைக்கும் ஓட்டினால் போதும்.

12 பிப்ரவரி 2025

அட்டை இன்னும் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: நாடு முழுமைக்கும் உரிம அட்டை அச்சடிக்கிற இயந்திரம் ஒன்றே ஒன்று, அது இந்த மாதத் தொடக்கத்தில் மறுபடி பழுது. 2021 கடைசியிலும் இதே கதைதான் நடந்தது. தற்காலிக உரிமம் ஆறு மாதம் செல்லும், தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை பதற வேண்டாம்.

தங்கச்சிக்கு நியூகாஸில்தான் விழுந்தது. ஜனவரியில் சித்தப்பா கொண்டுபோய் விட்டாராம். இப்போது பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாள், இந்த வாரக் கடைசியில் பீனிக்ஸிலிருந்து தானே ஓட்டிப் போகப் போகிறாள், வழி சொல்லுங்கள் என்கிறாள்.

என்3 நெடுஞ்சாலையில் லேடிஸ்மித் திருப்பம் வரை, அங்கிருந்து என்11. விடிந்த பிறகு கிளம்பு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் ரோடு வேலை நடக்கிறது, வேகத்தைக் குறைத்துப் போ. அதைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம், லாரிகள் நடைவேகத்தில் ஏறும், மேலே மூடுபனி இருக்கலாம், விளக்கைப் போட்டுக்கொள். என்11-இலும் லாரிதான், முந்துவதற்கு அவசரப்படாதே, நீண்ட நேர் ரோடு வரும்வரை பின்னாலேயே போ. சித்தப்பா முதல் தடவை கூட வந்தால் மறுக்காதே.

முதல் டோல் மரியன்ஹில். காசு வாங்கும் ஜன்னலை ஒட்டி நிறுத்த முதல் தடவை யாருக்கும் வராது, ஒரு முழம் தள்ளித்தான் நிற்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, கதவைத் திறந்து எட்டிக் கொடு. பின்னால் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.